நாலு மணி நோயாளி

அவளை எல்லோரும் தெரபி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவள் அக்காதான். விழுந்து எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சோர்ந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று யாராக இருந்தாலும், மடக்கி நீட்டிப் பழக்கி மறுபடி நடமாட வைப்பது அவள் தொழில். காலையில் கிளினிக்கில் வேலை. மதியம் டப்பாவில் இருப்பதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தால், இருட்டும் வரை வீடு வீடாகப் போக வேண்டும். அடுத்தவர் முதுகை நிமிர்த்தி நிமிர்த்தி அவள் முதுகு வளைந்து போயிருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைத் தனக்குச் செய்துகொள்ள அவளுக்குக் கை ஒழிந்ததில்லை.

கிளினிக்குக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். சின்ன வயசு, மெத்தென்ற பேச்சு. எதைச் சொல்வதானாலும் முதலில் "கோச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். அதனால் வந்த வாரமே பெண்கள் அவருக்குக் 'கோச்சுக்காதீங்க' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கோச்சுக்காதீங்க வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், "வந்தாச்சு, எல்லாரும் கோச்சுக்கத் தயாரா இருங்க" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஒரு நாள் அவர் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"கோச்சுக்காதீங்க. பேஷன்ட்ஸ் நிறைய பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. புதுசா ஆள் எடுக்க மேலேருந்து சம்மதம் இல்ல. அதனால ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நாளை ஒரு தரம் உக்காந்து பாருங்க. காலையில எழுந்ததுலேருந்து படுக்குற வரைக்கும் என்ன செய்றோம், அதுல எது தேவை, எங்க நேரம் வீணாப் போகுது, நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் கண்டுபிடிச்சா நல்லா இருக்காது பாருங்க."

அவர் மிரட்டுவதாக நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது மிரட்டலாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி ஊறப் போட்ட கையோடு அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஒன்பதாவது படிக்கும் மகளிடம் பென்சிலும் கோடு போட்ட தாளும் வாங்கிக்கொண்டாள். வளர்ந்தும் பெயர் மாறாமல் அந்த வீட்டில் மகள் இன்னும் பாப்பாதான். கணவன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்குவதா வேண்டாமா என்ற யோசனையில் கண் சிவந்து இருந்தான்.

அவள் எழுத ஆரம்பித்தாள். சமையல், டப்பா கட்டுவது, பாப்பாவை எழுப்புவது, மறுபடி எழுப்புவது, தண்ணீர் பிடிப்பது...

எட்டிப் பார்த்தவன் சொன்னான், "வீட்டு வேலையெல்லாம் எதுக்கு எழுதுற? அவங்க கேட்டது ஆபீஸ் வேலையத்தானே?"

"எழுந்ததுலேருந்து படுக்குற வரைக்கும்னு சொன்னாருங்க."

"அதுக்காக? பாப்பாவ எழுப்புறத ரெண்டு தரம் எழுதியிருக்க."

"ரெண்டு தரம் எழுப்புனாத்தான் எழுந்திருக்கறா."

அறைக்குள்ளிருந்து, "எனக்குக் காது கேக்குது" என்றாள் பாப்பா.

எழுதி முடித்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பஸ் மாதிரி இருந்தது. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? யாரை இறக்கிவிடுவது? ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மாலை நாலு மணிக்குத் தையல் டீச்சர். விரல் அங்கே நின்றது.

தையல் டீச்சர் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடது தோள் ஒடிந்து, கை மேலே எழும்பாமல் போனது. தெரபி அக்கா வந்து வந்து பழக்கியதில் கை சரியாகிவிட்டது. சரியாகிப் பல மாதம் ஆகிறது. இப்போது பரணில் இருக்கும் பெட்டியைக்கூட எக்கி எடுப்பார். பிறகு எதற்குப் போய்க்கொண்டிருக்கிறாள்?

அது ஒரு மழை நாளில் ஆரம்பித்தது. டீச்சர் தோளில் சூட்டு ஒத்தடப் பையை வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் சும்மா சாய்ந்தாள். முந்தின நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல், கண்ணை மூடவே இல்லை. சாய்ந்ததுதான் தெரியும். விழித்துப் பார்த்தபோது வெளியே மழை விட்டிருந்தது. பதறிப்போய்க் கட்டிலைப் பார்த்தாள். டீச்சரும் வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒத்தடப் பை ஆறிப்போய்த் தலையணைப் பக்கம் கிடந்தது. அடித்துப் போட்ட மாதிரி இரண்டு பேரும் தூங்கியிருக்கிறார்கள். அவள் டீச்சரை எழுப்பிவிட்டுக் கிளம்பினாள். அடுத்த தடவை போனபோது நாற்காலியில் ஒரு தலையணை வைக்கப்பட்டிருந்தது.

டீச்சருக்கும் காரணம் இருந்தது. அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து, நினைவு பாதி கலங்கிவிட்டது. வீட்டுக்குள் நடப்பார், சாப்பிடுவார், ஆனால் மனைவி கண் மறைந்தால் பொறுக்காது. "ஏய், எங்க போன?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பகல், ராத்திரி கணக்கில்லை. டீச்சர் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவார். கூடவே இருக்கும் மகள் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள், காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பாள். அம்மாவுக்குத் தெரபி நடக்கும் நேரத்தில் மட்டும் அதைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொள்வாள். "அம்மாவுக்கு வைத்தியம் நடக்குதுப்பா, கதவைத் தட்டக் கூடாது" என்று அவள் குரல் கேட்கும். வைத்தியம் என்றால் அவரும் அடங்கிவிடுவார்.

கதவைச் சாத்திவிட்டு, பேருக்கு நாலு தடவை கையைத் தூக்கி இறக்கிவிட்டு, நோயாளி கட்டிலிலும் வைத்தியக்காரி நாற்காலியிலும் கண்ணயர்ந்துவிடுவார்கள். வாரம் பூராவும் ஓடுவதற்கு அவளுக்கு அந்தத் தூக்கம்தான் தெம்பு.

பென்சிலை வைத்துவிட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காத்திருப்பவர்களில் ஒருவரை அவளுக்குத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த பெயின்டர். கம்பி வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள், நடக்கப் பழக்க ஆளில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் மனைவி கிளினிக்குக்கு வந்து வந்து, "நேரம் இல்லீங்க" என்ற பதிலோடு திரும்பிப் போவதை அவளே பார்த்திருக்கிறாள்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியா?" என்றான் கணவன்.

"ம்" என்றாள். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேலைக்குப் போன இடத்தில் தூங்குகிறேன் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

வெள்ளிக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"டீச்சர், உங்க தோள் நல்லா ஆயிடுச்சு. இனி நான் வரவேண்டியதில்ல."

டீச்சர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரு சொன்னா? வலி இருக்கு."

"எங்க வலிக்குது?"

"இங்கதான், தோள்ல. கைய அசைக்கவே முடியல."

"டீச்சர், அது வலது தோள். உங்களுக்கு ஒடிஞ்சது இடது."

டீச்சர் தன் வலது தோளைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று டீச்சர் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். சிரித்த முகம் அப்படியே மாறியது.

"இருக்கறது இந்த ஒரு மணி நேரந்தான்மா. அதையும் எடுத்துட்டுப் போறியா?"

"நடக்க முடியாம ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

டீச்சர் நாற்காலியில் இருந்த தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் வெளியே வந்தாள். மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்பாடா, சரியாயிடுச்சா அக்கா? ரொம்ப தேங்க்ஸ்" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குள் அறைக்குள்ளிருந்து, "ஏய், எங்க போன?" என்று குரல் ஆரம்பித்துவிட்டது.

கோச்சுக்காதீங்க மிகவும் சந்தோஷப்பட்டார். "பாத்தீங்களா, நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க" என்று மற்றவர்கள் முன்னால் பாராட்டினார். அவளுக்குக் கூசியது. அந்த நாலு மணி பெயின்டருக்குப் போனது.

பெயின்டர் வீடு மாடியில் ஒற்றை அறை. கட்டிலிலிருந்து சுவர் வரைக்கும் நடந்தால் வீடு முடிந்துவிடும். மனுஷன் நல்ல மாதிரி. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாலும், "இன்னொரு தரம் போலாம் அக்கா" என்பார். அவர் காலை ஊன்றி முதல் அடி வைத்த அன்று அவர் மனைவி அழுதாள். தெரபி அக்காவுக்கும் மனசு நிறைந்தது. நாம் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மனசு நிறைந்தாலும் உடம்பு கேட்கவில்லை. சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினால் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் வரை கண் சொக்கியது. பாப்பா பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ சிரிப்புக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "கேட்டியாம்மா?" என்றால், கேட்ட மாதிரிச் சிரித்துவைத்தாள். குழம்பில் உப்பு ஒரு நாள் இல்லை, மறுநாள் இரட்டிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை, புழுக்கம் தாங்க முடியாத மாலை. பெயின்டர் ஒரு கையால் வாக்கரையும் மறு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவள் அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்திருந்தாள். "அப்படித்தான், மெதுவா, அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொன்னது ஞாபகம் இருக்கிறது. நின்ற நிலையிலேயே கண் மூடியது ஞாபகம் இல்லை. பட்டை கையிலிருந்து நழுவியது. பெயின்டர் சாய, அந்த உலுக்கலில் விழித்துக்கொண்டு அவருக்கும் தரைக்கும் நடுவே தன்னைக் கொடுத்தாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர் மொத்தமாக அவள் மேல் விழுந்ததால் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் மணிக்கட்டுதான் அடியில் மாட்டி மடங்கிக்கொண்டது.

பெயின்டரின் மனைவி அடுப்பை விட்டு ஓடிவந்தாள். புருஷனைத் தடவித் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு திரும்பினாள்.

"நீங்க கண்ண மூடினத நான் அங்கேருந்து பாத்தேன். வைத்தியம் பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா? இன்னொரு தரம் ஒடிஞ்சா இவரு எழுந்திருப்பாரா?"

"ஏய், சும்மா இரு" என்றார் பெயின்டர் தரையிலிருந்தபடியே.

"அவங்க கேக்கறது சரிதான்" என்றாள் தெரபி அக்கா. வேறு என்ன சொல்ல? அவரைத் தூக்கி உட்கார வைத்து, காலை அசைத்து அசைத்துப் பார்த்து, மறுநாள் எக்ஸ்ரே படம் எடுக்க ஏற்பாடு செய்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே வந்து ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் கையில் கட்டோடு மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பெயின்டருக்கு ஒன்றும் இல்லை என்று படம் வந்துவிட்டிருந்தது. இருந்தும் மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது.

"கோச்சுக்காதீங்க அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல சார். இந்தத் தரம் நான் கோச்சுக்கறேன்."

அவர் பேனாவை மூடினார்.

"நீங்க பாக்கச் சொன்னீங்க, நானும் பாத்தேன். என் நாள்ல வீணாப் போனது ஒண்ணே ஒண்ணுதான். நான் உக்காந்திருந்த நேரம். அத எடுத்துக் கொடுத்தேன். இப்ப பாருங்க. எனக்கு மதியத்துக்கு மேல கொஞ்ச நேரம் சும்மா விடணும். யாரும் வேண்டாம், போனும் வேண்டாம்."

"அந்த நேரத்துக்கு என்னன்னு போடறது? அட்டவணையில ஒரு கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டரே யாரையாவது கொண்டுவந்து நிரப்பிடும்."

"ஓய்வுன்னு போடுங்க."

"அப்படி ஒண்ணு அதுல இல்லீங்கக்கா."

"நீங்க போட்டா இருக்கும்."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார், மற்றவர்களும் கேட்பார்களே என்றார். "கேக்கட்டுமே, அவங்களும் மனுஷங்கதானே" என்றாள். இழுத்துப் பறித்துக் கடைசியில் அரை மணி நேரம் கிடைத்தது. ஆளில்லாத பின்னறையில், நோயாளிகள் படுக்கும் உயரமான பெஞ்சில், திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். முதல் நாள் படுத்தபோது தூக்கம் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கோச்சுக்காதீங்க மாதிரிப் பேசிக் காட்ட, எல்லோரும் சிரிப்பது கேட்டது. அவளும் சிரித்துக்கொண்டாள். பிறகு எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

இதற்கு நடுவில், மணிக்கட்டுக்காகக் கிளினிக்கில் கொடுத்திருந்த லீவில் டீச்சர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மகளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன அக்கா, அம்மாவுக்கு மறுபடியும் வலியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"தோள் நல்லாத்தான் இருக்கு. சரியாகாதது வேற ஒண்ணு. அத அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டேன்" என்று ஆரம்பித்து, நாற்காலி, தலையணை, தூக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் தூங்கியதையும் சேர்த்தே சொன்னாள். உள்ளேயிருந்த டீச்சர் கேட்டுக்கொண்டு வந்து கதவோரம் நின்றார்.

மகளுக்குச் சுருக்கென்று தைத்தது. "அப்ப நான் சும்மா இருக்கேன்னு சொல்றீங்களா? எனக்கும் காலையிலேருந்து மீட்டிங் மேல மீட்டிங். நான் தூங்கி எத்தன நாளாச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியலம்மா" என்றார் டீச்சர். "நீ எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டே இருக்க. உங்கிட்ட நான் எப்படிக் கேக்கறது?"

"மாட்டிக்கலன்னா அப்பா குரல் கேக்குதும்மா" என்றாள் மகள். சொன்ன பிறகு, இதைச் சொல்லிவிட்டோமே என்பது போலக் கீழே பார்த்தாள்.

உள்ளே அவர் கூப்பிட்டார், "ஏய், எங்க போன?" டீச்சர் பழக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்தார். மகள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு வைத்தியம் நடக்குது" என்று உரக்கச் சொன்னாள். குரல் அடங்கியது. பிறகு அம்மாவைப் பார்த்து, "தெரபின்னு சொன்னாத்தானே தட்டாம இருக்காரு? அக்கா வரலன்னா என்ன, சொல்லிக்கலாம். நாலு மணிக்கு நீ போய்க் கதவச் சாத்திக்கோ" என்றாள்.

"உனக்கு?" என்றார் டீச்சர்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை தெரபி" என்றாள் மகள். டீச்சர் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், இரண்டு கையாலும்.

ஊர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்குத் தன் வீட்டில் பேச நாக்கு எழவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பெயின்டர் வீட்டில் விழுந்ததை மட்டும்தான் அவன் கேட்டிருந்தான், அதுவும் தரை வழுக்கியது என்று.

நீ போய்த் தூங்கு என்பான் என்று எதிர்பார்த்தாள்.

"எனக்கும் அப்படி ஒரு நேரம் வேணும்" என்றான்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, படுக்கப் போகத் தெம்பில்லாமல் தலை தொங்கத் தூங்குவது அதே நிமிஷம் கண்ணில் வந்தது. கோபம் முழுசாக வெளியே வரவில்லை.

"ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான்" என்றாள். "முதல் வாரம் நான்."

"சரி, இன்னைக்கே போய்ப் படு. சாப்பாட்ட நானும் பாப்பாவும் பாத்துக்கறோம்."

"நானா?" என்றாள் பாப்பா.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். வெளியே பாத்திரம் உருண்டது. அரிசி டப்பா எங்கே என்று அவன் கேட்டான், தெரியாது என்றாள் பாப்பா. கீழ்த் தட்டில் தேடினார்கள், மேல் தட்டில் தேடினார்கள். அது ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது, எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"அம்மாவக் கேக்கலாமா?" என்றாள் பாப்பா.

"வேண்டாம், தேடு" என்றான் அவன்.

சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.